ஒரு நபர், மூன்று நாள்

அன்று குளிர்பதனக் கிடங்கின் கேண்டீனில் இருந்தவர்கள்: மைக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மேலாளர், கைதட்டலை எப்போது தொடங்க வேண்டும் என்று அவருக்குப் பின்னால் நின்று சைகை காட்டிய ஃபோர்மேன், வாசலை விட்டு நகரக் கூடாது என்பதால் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த காவலாளி, கேக் உண்டா என்று விசாரிக்க மட்டும் வந்த வேன் டிரைவர், மூன்று வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஆறு பேர். ஆறாவது ஆள் ஆமை.

ஆமை கம்பிரசர் ஓட்டுபவன். மெதுவான நடைக்கு வைத்த பெயர். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் வேலைக்கு வந்து சேர்ந்துவிடுவான் என்பதால் நிலைத்துப் போன பெயர். மீன் பெட்டிகள் உறைந்து கிடக்கும் அறைகளுக்குக் குளிர் அனுப்பும் அந்த இயந்திரங்களின் நடுவே பதினெட்டு வருடம் நின்றதில் இடது காது போய்விட்டது. ஆனாலும் ஒரு துடிப்பு தவறினால் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் தெரியும். தரை அதிர்வதைப் பாதத்தால் கேட்பதாகச் சொல்வான்.

பரிசு, ஆளுக்கொரு சிவப்புப் பை. உள்ளே டார்ச், விசில், தண்ணீர் பாக்கெட்டுகள், பல்லை உடைக்கும் பிஸ்கட், கட்டுத்துணி, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிநிறப் போர்வை. பையின் மேல் ‘ஒரு நபர் – மூன்று நாள்’ என்று அச்சடித்திருந்தது.

“ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்திருந்தா சுவத்துல மாட்டியிருக்கலாம். இதை எங்கய்யா மாட்டுவ, கழுத்துலயா?” என்றார் வேன் டிரைவர்.

பையோடு ஒரு அட்டையும் வந்தது. அதன் அடிப்பாகத்தில் கையெழுத்து வாங்கிக் கிழித்துக்கொண்டார்கள். ஆமை படிக்கவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவனுக்குத் தெரிந்த மரியாதை.

படித்தது அக்கா. சின்ன வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவள், இப்போது அவனில்லாமல் எழுந்து உட்காரக்கூட முடியாதவள். போன வருடம் ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பக்கத்துக் கடை டெய்லர் ஃபோன் செய்தபோது மணி ஒன்பது. “ஷிஃப்ட் முடிச்சுட்டுப் போ, இடுப்பு எங்க ஓடிடப் போகுது?” என்றார் ஃபோர்மேன். ஆமை ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் போனான். விடுப்பே எடுக்காத அந்த மூன்று வருடத்தில் அந்த நாளும் அடக்கம்.

“என் இடுப்புக்குக் குடுத்த பரிசா? கொண்டா பாப்போம்” என்று அக்கா அட்டையை வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். அவசர நிலை அறிவிக்கப்பட்டால், பையைப் பெற்றவர் உடனே பையுடன் கிடங்குக்கு வந்து, நிலைமை சீராகும்வரை உள்ளேயே தங்கிப் பணிபுரிவார்.

“டேய், இது பரிசு இல்லடா. பிடிவாரண்டு.”

“சும்மா எழுதியிருப்பாங்கக்கா.”

“நீயும் சும்மாதான் கையெழுத்துப் போட்டியா?”

அவன் போர்வையை மடிக்கப் பார்த்தான். ஒருமுறை பிரித்தபின் அது பழைய அளவுக்கு மடிய மறுத்தது.

“ஆத்துல வெள்ளம் வந்தா மீனை யார் பாத்துக்கறதுன்னு உங்க மேனேஜர் யோசிச்சு வெச்சுட்டான். கெட்டிக்காரன். என்னை யார் பாத்துக்கறதுன்னு நீ யோசிச்சியா?”

விசிலை எடுத்து அவனுடைய இடது காதருகே ஊதினாள். அவன் திரும்பவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அவர்கள் வீடு ஆற்றங்கரையை ஒட்டிய சந்தில், தெருவைவிட மூன்று படி கீழே. கதவு இரும்பு. அக்கா படுத்த படுக்கையான புதிதில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவனோ உள்ளே வந்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆமை போட்ட கதவு. உள்ளே தாழ்ப்பாள் போட அவளால் முடியாது என்பதால் வெளியே பூட்டுவான். பூட்டி, பத்து அடி நடந்து, சந்தின் ஆற்றுப்பக்க முனையில் இருக்கும் டெய்லர் கடையின் கதவு ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வேலைக்குப் போவான். மத்தியானம் டெய்லர் திறந்து அவளுக்குச் சாப்பாடு வைப்பார். ஒருநாளும் இது தவறியதில்லை.

மழை பிடித்த நான்காம் நாள் காலையில் மின்சாரம் நின்றது. பதினோரு மணிக்கு ஆற்றுத் தண்ணீர் சந்தின் ஆற்றுப்பக்க முனைக்கு வந்துவிட்டது. ஆமைக்கு அன்று மாலை ஷிஃப்ட். ஃபோர்மேன் ஃபோனில் கத்தினார்.

“பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. வேன் வந்துக்கிட்டே இருக்கு.”

“சார், வீட்டுல அக்கா...”

“எல்லார் வீட்டுலயும்தான்யா அக்கா இருக்காங்க. வரலைன்னா இனி எப்பவும் வராத.”

ஆமை டெய்லரிடம் ஓடினான். அவர் தையல் இயந்திரத்தைத் தலைகீழாகத் தூக்கி மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நீ போ தம்பி. இதை மேல வெச்சதும் நானும் மச்சானும் போய் அக்காவைக் கட்டிலோட தூக்கிட்டு வந்துடறோம். சாவியை மட்டும் ஆணியில மாட்டிட்டுப் போ.”

வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலின் நான்கு கால்களுக்கும் இரண்டிரண்டு செங்கல் வைத்தான். சிவப்புப் பையை அவள் தலைமாட்டில் வைத்தான்.

“தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்னன்னு நின்னுக்கிட்டு இருக்கறவன் சொல்வான். படுத்துக் கிடக்கறவளுக்கு ஒவ்வொரு சாணும் கணக்குடா. இன்னொரு கல்லு வை” என்றாள் அக்கா.

வேறு கல் இல்லை.

“பை உனக்கு வேணாமா?”

“அங்க எல்லாம் இருக்கும்.”

“பொய் சொல்றப்ப மூக்கைத் தொடாத.” பிறகு குரல் மாறியது. “நான் போகாதன்னு சொன்னா இருப்பியா?”

வேனின் ஹாரன் கேட்டது. ஆற்றுப்பக்க முனையில் தண்ணீர் நின்றதால் வேன் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்திருந்தது. மூன்று முறை நீளமாக அடித்தார் டிரைவர். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “போ. மீன் அழுதுடப் போகுது.”

அவன் வெளியே வந்து பூட்டினான். ஹாரன் வந்த பக்கம் ஓடினான்.

ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வேன் அதைக் கடந்தபோது பாதிச் சக்கரம் மூழ்கியது. “இனி இந்தப் பக்கம் படகுலதான் வரணும்” என்றார் டிரைவர்.

கிடங்கு மறுகரையில், மேட்டில் இருந்தது. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்ப்பது காவலாளியின் வேலை. அமோனியா ஓடும் இடம், தீப்பெட்டியோ லைட்டரோ கூடாது. பேய்மழையிலும் அவர் அதை விடவில்லை. ஆமையின் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார்.

“என்ன இது, வீட்டுச் சாவியா?”

ஆமை சாவியைப் பார்த்தான். கை பூட்டியிருக்கிறது, தினமும் பூட்டுவதுபோல. கால்தான் தினமும் ஆணி வரைக்கும் கொண்டுபோய் விடும். இன்றைக்குக் கால் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறது.

டெய்லருக்கு ஃபோன் அடித்தான். அணைந்திருந்தது. அக்காவுக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது அதுவும் போகவில்லை.

“டிரைவர், திருப்புங்க. அக்காவை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்.”

“எங்கய்யா திருப்பறது? பாலத்தை நீதான பாத்த?”

“டெய்லர் பூட்டை உடைப்பாருல்ல?” என்றார் காவலாளி.

கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டாகக் கேட்டு வாங்கி இரும்புக் கதவில் மாட்டியவன் ஆமை.

ஃபோர்மேன் மணல் மூட்டையைத் தோளில் சுமந்தபடி வந்தார். “எங்க உன் பை? மூணு நாளைக்கு என்னத்தைத் தின்னுவ? சரி, உள்ள வா, ரெண்டாவது மெஷின் ஒரு மாதிரியா இருக்கு.”

“நான் போகணும் சார்.”

“போ. நீந்தத் தெரியுமா?”

தெரியாது. ஆனாலும் மலைப்பாதையாகச் சுற்றி அங்கிருக்கும் உயரமான பாலத்தைக் கடந்தால் நான்கு மணி நேரத்தில் வீட்டுக் கரைக்குப் போய்விடலாம் என்று ஆமை கணக்குப் போட்டான். நான்கு மணி நேரம். இரண்டு செங்கல். அவன் கணக்கு அதோடு நின்றது.

“போறதா இருந்தா இப்பவே போயிடு” என்றார் காவலாளி. “கதவைச் சாத்தி மூட்டை அடுக்கணும். அப்புறம் தண்ணி வடியறவரைக்கும் திறக்க முடியாது.”

ஆமை சாவியை வாங்கிக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பினான். ஒரு கால் வாசலைத் தாண்டியது. அப்போது தரை அதிர்ந்தது. இரண்டாவது இயந்திரம் ஒரு துடிப்பு விட்டது, மறுபடி ஒன்று விட்டது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை. அவன் பாதத்துக்குக் கேட்டது. என்னவென்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தான், இரண்டே நிமிடம். பதினெட்டு வருடம் நடந்த கால்கள் உள்ளே போயின. அன்று ஒருநாள்தான் அவை வேகமாகப் போயின.

காவலாளி அவன் பின்னால் கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை, வழக்கம் தவறாமல், ஆணியில் மாட்டினார்.