மாடியில் ஓடும் கம்பெனி பஸ்

2026 ஜனவரி 17, சனி. ஆம்பூர்.

இன்று ஒரு தவறு செய்தேன். போன வாரம் மாலை இசை வகுப்பில் கீபோர்டின் சுருதியை இரண்டு படி ஏற்றி வைத்திருந்தேன். வீட்டில் வாசிக்கும்போது அதை இறக்க மறந்துவிட்டேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை நேர்மையாக எழுத முடியும் என்று தோன்றுகிறது.

பொங்கல் விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் பாட்டு நாடகம். அப்பா எழுதுவார், மாடியில் நடக்கும், தெருவே வந்து பார்க்கும். யாரும் பேசக் கூடாது, எல்லாம் பாட்டாகவே வர வேண்டும். இந்த வருடம் 'கம்பெனி பஸ்'. குழந்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஷூ கம்பெனி பஸ்ஸின் பின்னால் ஓடுகிற ஒரு பெண்ணின் கதை. அந்த வேஷத்தை அண்ணி கேட்டாள்.

கிறிஸ்டினா அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வருடம் கோரஸில் கடைசியாக நின்றாள். முக்கிய வேஷம் எப்போதும் வேலூர் சித்திக்குத்தான். அண்ணி அதற்காகவே மாதக் கணக்கில், வேலைக்குப் போகிற ஷூ கம்பெனி பஸ்ஸில் தோழிகளை உட்கார வைத்துப் பாடிப் பார்த்திருக்கிறாள். இதை அண்ணன்தான் என்னிடம் சொன்னான். ஆனால் யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்வது அம்மா. ஒரே ஒரு முறைதான் பாடிக் காட்டலாம்.

மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் பாயில் சாய்ந்திருந்தார்கள். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

"கதவைச் சாத்தாதே டிரைவரண்ணே, கைப்பிள்ளை கஞ்சி குடிக்கலையே..."

முதல் வரியிலேயே அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும், எடுக்காவிட்டால் அடுத்த வரிக்கு அவள் குரல் எட்டாது. என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணி நிற்கவில்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தாள். "ஒரு... நிமிசம்... நில்லுண்ணே..." என்று மூச்சு வாங்க, சொல்லைத் துண்டு துண்டாகத் தாளத்தில் போட்டாள். பாட்டா, பேச்சா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு தட்டுகூடத் தவறவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

முடிந்ததும் அப்பா முகம் சுளித்தார். "அந்த வரிய நல்லா இழுத்துப் பாடணும்னு சொன்னேனே, இன்னாம்மா இது?"

அம்மா கையிலிருந்த மொச்சையைத் தட்டில் போட்டாள். அவளும் இருபது வருடம் அதே பஸ்ஸுக்கு ஓடியவள்.

"பஸ் பின்னாடி ஓடுறவ இழுத்துப் பாடுவாளா? தோல் பதனிடுற ஷாப்புக்கு வூட்லர்ந்து நடந்தே போனவருக்கு இன்னா தெரியும்?"

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, எனக்கு ஓட முடியாது, முட்டி வலி. நான் டிரைவரா குந்திக்கிறேன்."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சுருதி விஷயத்தைச் சொன்னேன். அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா! நாளைக்கு சுருதிய இறக்கி வெச்சா, எழுதினபடியே பாடிடலாம்."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். "எப்டி வேணும்னாலும் பாடுறேன் அத்தை. வேஷம் மட்டும் குடுங்க."

"சுருதி எங்க வேணா இருக்கட்டும்," என்றாள் அம்மா. "வேஷம் உனுது. நீ ஓடு."

அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். சற்று நேரத்தில் எல்லோருக்கும் டீ வந்தது. என் டம்ளரை நீட்டி, "தம்பி, நீ தப்பு பண்ணது எனக்கு மொத வரியிலயே தெரியும். நீயும் நிறுத்தாத வாசிச்ச பாரு, அது போதும்," என்றாள்.

நான் ஒரு பொத்தானை மறந்தேன். அவள் அதையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

நாளை காலை: பக்கத்து வீட்டு நசீர் அகமது பாயிடம் இரண்டு நீள பெஞ்ச் கேட்டு வாங்கி, பஸ் சீட்டுக்காக மாடியில் ஏற்ற வேண்டும்.