பறந்துபோன சீதனக் காணி

1934ஆம் ஆண்டு ஆனி மாதம், புளியங்கூடலில் இருந்த யோகம்மாவின் சீதனக் காணி, சோழகக் காற்றுக்கு எதிராகக் கடலைத் தாண்டிப்போய் அனலைதீவில் விழத் தொடங்கியது. புகையிலை விலை இறங்கியிருந்த வருடம். ஊராருக்கு அதைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை. யோகம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, தன் தோட்டத்தின் துண்டொன்று பனைகளுக்கு மேலாகப் போவதைப் பார்த்தாள். "சீ" என்றுவிட்டு உள்ளே போனாள்.

காணியைப் பறக்கவிட்டவர் அவளுடைய புருஷன் பரராசசிங்கம். மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். அங்கே துரைமார் கோல்ப் அடிக்கும் புல்வெளிக்குள் அவரை விட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்றுதான் வித்தையைப் பார்த்துக்கொண்டார். துரை ஒருவர் கழித்துவிட்ட மட்டைகளைத் தோற்பையில் போட்டுச் சுமந்து வந்திருந்தார். எந்தத் துரையும் அடிக்காத தூரத்துக்குப் பந்தை அடித்துவிட்டுத்தான் சாவேன் என்பது அவருடைய வீறாப்பு. தீவில் எங்கே தோண்டினாலும் கல். யோகம்மாவின் தகப்பன் வள்ளம் வள்ளமாக மண் ஏற்றி வந்து கொட்டி, பச்சைக் குழையை வெட்டி மண்ணுக்குள் தாழ்த்து, ஆட்டெரு போட்டுப் பண்படுத்திய புகையிலைத் தோட்டம் ஒன்றுதான் மட்டைக்கு நோகாத நிலம். அங்கே போய் நின்றுகொண்டார்.

அவர் நிற்கிற கோலத்தைப் பார்த்தாலே யோகம்மாவுக்குக் குமட்டும். முழங்கால் வரைக்கும் காலுறை. கால்களை அகட்டி, பெண்டுகள் தண்ணீருக்குப் போகும் ஒழுங்கைக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு இடுப்பை நெளிப்பார். உள்ளங்கையில் துப்பி மட்டையைப் பிடிப்பார்; கழுவாமல் அதே கையால் சோற்றைக் குழைப்பார். மடங்கிப் பழகினால் தூரம் போகாதென்று, சாப்பிடும்போதும் இடக்கையை விறைப்பாக நீட்டி வைத்திருப்பார். யோகம்மா சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவருடைய மட்டை பந்துக்கு முதல் மண்ணைத் தொட்டுவிடும். அதுதான் பழுது. பந்து பூவரச வேலியோடு விழுந்துவிடும், மண்தான் போகும். இடக்கை மடங்காமல் அடிக்கப் பழகியபோது அந்த மண் பக்கத்து வளவுக்குப் போனது. தலையை நிமிர்த்தாமல் அடித்தபோது கடற்கரைக்குப் போனது. தோளுக்கு முன்னே இடுப்பைத் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடித்த அன்று கடலைத் தாண்டியது. மனுசனுக்கு அதில் பெருமை வேறு.

மகள் அன்னபூரணத்துக்குச் சுருவில் ஊரில் சம்பந்தம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது இந்தத் தோட்டம் ஒன்றைத்தான். ஆவணியில் காணி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை காணியெல்லே பறக்குது" என்றாள் யோகம்மா.

"உமக்கு உது விளங்காது. இடுப்பு இன்னும் வடிவாத் திரும்பேல்லை" என்றார் அவர்.

செவிடன் காதில் ஊதிய சங்கு. யோகம்மா வள்ளக்காரன் தம்பையாவோடு வள்ளத்தில் ஏறி அனலைதீவுக்குப் போனாள். அங்கே ஏரம்பு என்பவனுடைய வெறுங்கல் வளவில் அவளுடைய மண் பரந்து கிடந்தது. கிள்ளி மணந்து பார்த்தாள். தகப்பன் போட்ட எருவின் மணம். ஏரம்பு பயந்துபோய் நின்றான்.

"மேலையிருந்து வந்ததக்கா. நான் களவெடுக்கேல்லை."

யோகம்மா அதை நம்பினாள். மண்ணைச் சாக்குகளில் அள்ளிக் கொண்டுவந்து தோட்டத்தில் கொட்டினாள். அள்ளிக் கொட்டியதில் மண் இன்னும் இளகிவிட்டதென்று பரராசசிங்கத்துக்கு முகமெல்லாம் புளுகம். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பி அனலைதீவுக்கு அனுப்பிவிட்டு, இப்போதுதான் அவள் நல்ல பெண்சாதியாக நடக்கிறாள் என்று மெச்சினார். யோகம்மா கிணற்றடிக்குப் போய் ஓங்காளித்தாள். அன்றோடு மண் சுமப்பதை விட்டாள்.

அடுத்த நாள் ஏரம்புவோடு பேசினாள். புளியங்கூடலில் மிஞ்சும் கல் அவனுக்கு, அனலைதீவில் மண் விழுந்த அவனுடைய கல் தனக்கு. கல்லுக்குக் கல், மண் எப்படியும் அவளுடையது. காணி உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசை வீட்டுக்கே கூப்பிட்டாள். புருஷனின் கையெழுத்தும் வேண்டும். பரராசசிங்கம் மட்டையைக் கீழே வைக்காமல், வாசித்தும் பாராமல் கையெழுத்து வைத்தார். தன் இடக் குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி நொத்தாரிசைக் கேட்டார்.

பிறகு யோகம்மா ஒரு காரியம் செய்தாள். தோட்டத்துக்குள் இறங்கி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தக் காலுறையையும் அந்தப் பின்புறத்தையும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"தலையை நிமித்தாதேங்கோ. இடுப்பை இன்னும் திருப்புங்கோ" என்றாள்.

ஆடி முழுவதும் சொல்லிச் சொல்லி அடிப்பித்தாள். ஒரு பிடி மண்கூடக் கடலில் விழவில்லை. ஆவணி பிறக்குமுன் புளியங்கூடலில் கல் தெரிந்தது. சுருவிலார் வந்தபோது அவர்களை நேரே அனலைதீவுக்குக் கூட்டிப்போனாள். அவர்கள் மண்ணைப் பிசைந்து பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள், திருப்தி என்றார்கள். எப்படி வந்த மண் என்று கேட்டதற்கு, "இவர் அடிச்சு வந்தது" என்றாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, கிணறு நல்ல தண்ணீரா என்று விசாரித்தார்கள்.

தை மாதம் அங்கேயே கலியாணம் நடந்தது. தாலி ஏறி முடிந்ததும் பரராசசிங்கம் பந்தலை விட்டு மெல்ல இறங்கித் தோட்டத்துக்குள் போனார். முழங்கால் ஆழத்துக்கு இளகிய மண், சுற்றிவரக் கடல். பட்டுவேட்டியோடு கால்களை அகட்டி, வெறுங்கையால் ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். சம்பந்தி வீட்டுப் பெண்டுகள் முகத்தை மூடிக்கொண்டார்கள். யோகம்மா வள்ளக்காரனைக் கூப்பிட்டாள்.

"தம்பையா, இவரைக் கொண்டுபோய் அக்கரையிலை இறக்கிப்போட்டு வா. சோறு கட்டித் தாறன்" என்றாள்.

அவள் மகளோடு அனலைதீவிலேயே தங்கிவிட்டாள். அவர் வெறுங்கல்லில் நின்று அடித்துக்கொண்டேயிருந்தார். அந்த வருடத்தில் இருந்து அனலைதீவுக்குக் கல் பறந்து வரத் தொடங்கியது. உறுதிப்படி அது ஏரம்புவின் கல். அவன் பொறுக்கி மதில் கட்டினான். முற்றம் கூட்டும்போது காற்று இரைந்தால், யோகம்மா நிமிர்ந்து பாராமலே ஓர் அடி தள்ளி நின்று கூட்டுவாள்.