செத்துப்போன கோதண்டராமன்

கோதண்டராமன் பதினாறு வயதில் மேடை ஏறியவர். சுங்குவார்சத்திரம் பக்கம் எந்தத் திருவிழா என்றாலும் காது கேட்காத கிழவி வேஷத்தில் அவர் வந்தால்தான் ஜனம் கலையாமல் உட்காரும். கூடவே பஸ் கண்டக்டர் வேஷத்தில் நிற்பவன் வனமாமலை, ஆறு வயது இளையவன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கோதண்டராமன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, வனமாமலை தனியாக டிவி நிலையத்துக்குப் போனான். கோதண்டராமன் எழுதிய வசனமெல்லாம் தான் எழுதியது என்றான். கூட்டாளி எங்கே என்று கேட்டார்கள். "அவரு தவறிட்டாரு சார்" என்றான்.

தேறி எழுந்தவர் மறுபடி கிழவி வேஷம் கட்டினார். "டிவில வர்றவரு மாதிரியே பண்றியே" என்றார் விழாக் குழுக்காரர் ஒருவர். அன்றோடு மேடையை விட்டார். ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். தினமும் நடந்தார், அளவாகச் சாப்பிட்டார். வனமாமலைக்கு முன்னால் சாகக்கூடாது.

எண்பத்து நாலாவது வயதில் வேளை வந்தது. மகள் எழிலரசி வேலை செய்யும் ஒரகடம் தொழிற்சாலையில் ஊழியர் குடும்ப விழா. சிறப்பு விருந்தினர் வனமாமலை.

"வம்பு பண்ணாதப்பா."

"இன்னா வம்பு? சிரிக்கத்தான் வரேன்."

முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் வனமாமலை கண்டக்டர் குரலில், "சில்லற இருக்குதா பாட்டி?" என்றான்.

அவனே கிழவி குரலுக்கு மாறுவதற்குள் கீழேயிருந்து கோதண்டராமனின் கிழவி பேசினாள்: "செல்லதுரை வரலப்பா, வூட்ல தூங்கறான்!"

அரங்கம் அதிர்ந்தது. வனமாமலை தடுமாறி, "எங்க எறங்கணும்?" என்றான்.

"கீழதாம்ப்பா!"

அடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. வனமாமலைக்கு வேர்த்துவிட்டது. யாரோ கோதண்டராமனிடம் மைக்கை நீட்டினார்கள்.

"நான் செத்து முப்பத்தஞ்சு வருஷமாவுது. இவன்தான் டிவிக்காரங்களாண்ட சொன்னான்."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சொல்றா. இதெல்லாம் யாரு எழுதுனது?"

சிரிப்பு மெல்ல நின்றது. அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதாண்ணே."

மேடைக்குப் பின்னால் வனமாமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மன்னிச்சிடுண்ணே."

"மாட்டேன். அடுத்த புரோகிராம் எங்க?"

"மறைமலை நகர்."

"அங்கயும் வரேன்."

சொன்னபடி போனார். வனமாமலை வரவில்லை. தவித்துக்கொண்டிருந்த விழாக் குழுவினரிடம் கோதண்டராமன் ஒரு சேலை மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரம் நின்றபடியே கிழவியாக நடித்தார். இறங்கும்போது எழிலரசி தாங்கிப் பிடித்தாள்.

"போதுமாப்பா?"

"இன்னும் இல்ல" என்றார்.