அர்ச்சனா வராத நாள்

பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால், படிப்பு வராத பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே நிறுத்திவிடச் சொல்வது பாகூர்ப் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளியில் வெகுநாள் வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. ஜெபம் பண்ணாமல் வீட்டை விட்டுக் கிளம்பாத மூன்றாம் வகுப்பு ஜெயசித்ரா டீச்சரும் நினைத்ததில்லை.

"நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றாங்களாம்" என்று தலைமையாசிரியர் சொன்ன அன்று சாயங்காலமே, மகளைக் கூட்டிப்போக வந்த மகாலட்சுமியை ஜெயசித்ரா பள்ளி கேட்டருகே நிறுத்தினாள்.

"நாளைக்கு ஒரு நாள் அர்ச்சனா வூட்டுலயே இருக்கட்டும்மா. கேள்வி கேட்டா முழிக்கும். எனக்குத்தான் பேச்சு விழும்."

"சரி டீச்சர். நான் வேலைக்குப் போவாம பாத்துக்கறேன்." மனை போட்ட இடங்களில் வீடு கட்டுகிறார்களே, அங்கே அவள் சித்தாள்.

மறுநாள் வந்தவர் அதிகாரியே அல்ல. ராஜ்குமார் என்ற சிறப்பாசிரியர். பார்வையிலோ கேட்பதிலோ படிப்பிலோ தடுமாறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, வேண்டிய உதவியை வாங்கித் தருவது அவர் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நின்று மெல்ல ஒரு சொல் சொன்னார்.

"பூனை."

"பூனை சார்."

"இட்லி."

"இட்லி சார். சட்னி கெடையாதா சார்?"

வகுப்பே சிரித்தது. ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பாத அர்ச்சனா ஞாபகத்துக்கு வந்தாள். திமிர் என்று அவளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியதும் ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் வந்திருக்காங்களா டீச்சர்? சனிக்கிழமை பாகூர் கேம்புக்குக் காது டாக்டர் வர்றார். இந்த வருஷத்துக்கு அது ஒண்ணுதான்."

"ஒரு பொண்ணு வரல சார். ஜுரம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அவர் பையை மூடினார்.

அவர் வண்டியைக் கிளப்பும்போது ஜெயசித்ரா ஓடிவந்தாள். "சார், அந்தப் பொண்ணு வூடு பக்கந்தான். ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க." ஜுரம் பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாசலில் அர்ச்சனா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டீச்சரோடு புது ஆள் வருவதைக் கண்ட மகாலட்சுமி பதறி எழுந்தாள். டீச்சர் மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்துவிட்டாள்.

"டீச்சர் மேல தப்பு இல்ல சார். புள்ளைக்கு ஒடம்பு அனலா கொதிச்சிது. நாந்தான் அனுப்பல."

ஜெயசித்ரா சொன்ன அதே பொய்யை, அவளைக் காப்பாற்ற மகாலட்சுமியும் சொல்கிறாள்.

"ஜுரம் இல்ல சார். நாந்தான் வர வேணாம்னு சொன்னேன்."

ராஜ்குமார் அர்ச்சனாவின் முதுகுப்பக்கம் போய் நின்று பெயர் சொன்னார். கீரை ஆயும் கை நிற்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் பிள்ளை திரும்பியது.

"காது சரியா கேக்கலம்மா. டாக்டர் பாத்துட்டு காதுக்கு மெஷின் குடுத்தா படிப்பும் வந்துரும். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"படிப்பு ஏறாத புள்ளன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்று மகாலட்சுமி கண்ணைத் துடைத்தாள். "சனிக்கிழமை காங்கிரீட் போடறாங்க சார், லீவு தரமாட்டாங்களே."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ஜெயசித்ரா. "என்னை மன்னிச்சிரும்மா."

"இன்னா டீச்சர் நீங்க. உக்காருங்க, டீ போடறேன்."

கடவுள் சிலரைத் தண்டித்துத் திருத்துகிறார், சிலருக்கு டீ கொடுத்துத் திருத்துகிறார். முதலாவது எளிது என்று ஜெயசித்ராவுக்குத் தோன்றியது.

அவள் அர்ச்சனாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துரு. என் பக்கத்துலயே உக்காந்துக்கலாம்."

பிள்ளை அவள் உதட்டையே பார்த்தது. பிறகு கேட்டது: "நாளைக்கு யாரும் வரமாட்டாங்களா டீச்சர்?"

ஜெயசித்ரா ஒரு கீரைக் கொத்தை எடுத்து அவளோடு சேர்ந்து ஆய ஆரம்பித்தாள். பிறகு நிமிர்ந்து, பிள்ளைக்கு உதடு தெரிய, "யாரு வந்தாலும் நீ வா" என்றாள்.