கொச்சியில் நாலு மணி வரை

"காலையில கொச்சியில இறங்குறோம். லட்சத்தீவுக் கப்பல் நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் ஊரைச் சுத்திப் பாப்போம்," என்று சிவகாசியில் வைத்துக் காலண்டர் வியாபாரி தவுபிக் சொல்லியிருந்தான்.

"அங்கன வந்து காலண்டர் ஆர்டர் பிடிக்கக் கூடாது," என்றாள் அவன் மனைவி நசிமா.

"வாயே திறக்க மாட்டேன், போதுமா?"

மட்டாஞ்சேரியின் முதல் மிளகு மண்டியிலேயே வாயைத் திறந்துவிட்டான். சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கி, அடியில் எந்த அச்சகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்தான்.

"நம்ம ஊரு சரக்கு! ஆனா கலர் அடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு."

மண்டிக்காரரிடம் அடுத்த வருடத்துக்கு எத்தனை வேண்டும் என்றும் கேட்டுவிட்டான். பிறகு பக்கத்துக் கடை, அதற்கும் பக்கத்துக் கடை. கல்யாணமாகிப் பதினோரு வருடமாக எந்தக் கடைவீதியிலும் அவன் பத்தடி முன்னால்தான் போவான். நசிமா பார்த்ததெல்லாம் அவன் முதுகைத்தான். இங்கேயும் அதே முதுகு. துறைமுகத்துக் கப்பல்களையும் சீன வலைகளையும் அவள் தனியாகத்தான் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அவன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். "பதினாலு கடை! வா, வா, நேரமாச்சு," என்று மறுபடியும் முன்னால் நடந்தான்.

நசிமா நகரவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

"கால் வலிக்குதா? ஆட்டோ பிடிக்கட்டுமா?"

"ஆட்டோவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." என்றாள் அவள். "கல்யாணமான நாள்லேருந்து கேக்கணும்னு இருக்கேன். முன்னால ஓடாதீக. என் பக்கத்துல நடங்க."