ஊருக்குப் போகாதவன் கையில் கொடுத்தனுப்பியவை

அந்தப் பொய்யை அக்கா யோசித்துச் சொல்லவில்லை. ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கும்போது அது தானாக வாயில் வந்து விழுந்தது. விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, முனையோடு முனை சேர்க்க எதிரெதிரே நடந்து வந்து, மூக்குக்கு மூக்கு நின்றாக வேண்டும். கேள்வி கேட்பவளிடமிருந்து தப்பிக்கவே முடியாத வேலை அது. அன்றைக்கு எதிரே நின்றவளுக்கு 'வானொலி' என்று பட்டப்பெயர். ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை.

"என்னக்கா, தம்பிய ஆளையே காணோம்?"

முந்தைய நாள்தான் தம்பியை ஆஸ்பத்திரியில், மனநோய்ப் பிரிவில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். முதலில் வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு சாப்பாட்டை. கடைசியில் பேச்சும் நின்று, சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதிக்கா" என்று ஒருநாள் சுவரிடம் சொன்னான். அன்றே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இதைப் போய் வானொலியிடம் சொல்வதா? நம் ஆட்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வருவார்கள். கால் முறிந்தது என்றால் குடும்பத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, போகச் சொன்னாலும் போகமாட்டார்கள். மனசுக்கு முடியவில்லை என்றால் மட்டும் "பைத்தியமாம்" என்ற ஒரே வார்த்தையில் கதை முடிந்துவிடும். கல்யாணம் ஆகவேண்டிய பையன் வேறு.

"ஊருக்குப் போறான். அடுத்த வாரம். அந்த வேலையாத்தான் அலையுறான்."

நேற்றே போய்விட்டான் என்று சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பாள். அடுத்த வாரம் என்று சொல்லித் தொலைத்ததுதான் வினை. பிழைக்க வந்த இடத்தில், ஊருக்குப் போகிறவனின் பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை. இரண்டே நாளில் பார்சல்கள் வர ஆரம்பித்தன. வானொலி, தங்கை குழந்தைக்குச் சட்டைகள் கொண்டுவந்தாள். மாடி வீட்டுக்காரர் அப்பாவுக்கு முட்டிவலி தைலம் கொடுத்தார். பஸ் டிரைவர் அண்ணன், துணியில் சுற்றிய சின்னப் பெட்டியோடு நேரிலேயே வந்தார். தம்பி தினமும் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவான். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டான், டிரைவர் பக்கத்தில் நின்று வளவளத்துக்கொண்டே போவான்.

"அம்மாவுக்குக் கண்ணாடி. பழசு உடைஞ்சி போச்சு. இது மேல வேற எதையும் வச்சிடாதீங்க. தம்பி எங்க?"

"வெளிய போயிருக்கான்ணே."

எல்லாம் தம்பியின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது.

அந்த டிரைவரின் பஸ் ஆஸ்பத்திரி வாசல் வரை போய், அங்கேதான் திரும்பும். அதனால் அக்கா அந்தப் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டாள். வேறு பஸ்ஸில் சுற்றிப் போய், பின் தெருவில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றி இறக்கும் வாசல் வழியாக நுழைவாள். சொந்தத் தம்பியைப் பார்க்கப் போவது போலவா இருந்தது அது?

"பேசிப் பழக வேறு ஆட்கள் இல்லையா? வந்து போனால் அவருக்கு நல்லது" என்றாள் நர்ஸ். இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

மருந்து மெல்ல வேலை செய்து, தம்பி நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது அதைத்தான்.

"யாருமே வரலையேக்கா."

"எல்லாருக்கும் வேலைடா."

"டிரைவர் அண்ணனுக்குமா?"

அவள் ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதில் மும்முரமானாள். "சரி விடு. நான் அப்படி யாருக்கு என்ன செஞ்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உரித்த பழம் அவள் கையிலேயே இருந்தது. நீ யாருக்கும் வேண்டாதவன் என்று அவனுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. இவளே போய்ச் சாட்சி சொல்லிவிட்டாள். அன்று இரவு சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று தட்டைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

அப்போதும் வாயைத் திறந்தாளா? இல்லை. அம்மா கண்ணாடி கேட்கிறார்கள் என்று டிரைவர் வந்து நின்றபோது, அவனுக்கு அங்கே காய்ச்சல் என்றாள். நம்பர் கொடுங்கள், பேசுகிறேன் என்றார் அவர். போன் உடைந்துவிட்டது என்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு, "உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கம்மா, கண்ணாடி மெதுவாப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தம்பியை வீட்டுக்கு அனுப்பிய அன்று, பார்சல்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் போனான். பை உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தான். ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் கட்டில்மேல் வைத்தான். எல்லாவற்றின் மேலும் யாருக்குப் போகவேண்டும் என்று எழுதி, கீழே 'தம்பி மூலமாக' என்று எழுதியிருந்தது. அவன் ஒன்றும் கத்தவில்லை.

"நான் எப்பக்கா ஊருக்குப் போனேன்?"

"டேய், அது வந்து…"

"எப்ப திரும்பி வந்தேன்? அதையும் சொல்லிடு. யாராச்சும் கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்ல."

அவன் கிண்டலாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

பதில் தேடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் டிரைவர் நின்றார். உள்ளே தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, வந்துட்டியா. எப்ப வந்த? காய்ச்சல்னு அக்கா சொன்னாங்க, என்னடா இப்படி இளைச்சிட்ட? ஊர்ல மழையா?"

தம்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான். "நேத்துதாண்ணே வந்தேன். நல்ல மழை. அதுல நனைஞ்சிதான் காய்ச்சல்." சொல்லும்போது அவன் விரல்கள் நடுங்கின. மருந்து அப்படி. அவற்றை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அக்காவின் மானத்தைக் காப்பாற்ற அவன் பொய் சொல்கிறான். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவன், வந்ததும் செய்கிற முதல் வேலை இது.

"போதும்டா" என்றாள் அக்கா. "அண்ணே, இவன் ஊருக்குப் போகவே இல்ல. ஆஸ்பத்திரில இருந்தான். மனசுக்கு முடியாம. நாந்தான் வெளிய சொல்லல. உங்க கண்ணாடி இங்கயேதான் இருக்கு."

டிரைவர் "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "என் பஸ் அங்கதானேம்மா திரும்புது" என்றார்.

"தெரியும்ணே" என்றான் தம்பி. "என் ஜன்னல்லேருந்து பஸ் தெரியும். திரும்புறப்ப கை காட்டுவேன். நீங்க பாத்துட்டுத்தான் கண்டுக்காமப் போறீங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவர் அப்படியே கட்டிலில், பார்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அவர் விடவில்லை. அக்கா கண்ணாடிப் பெட்டியை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

அதற்குச் சொல்ல அவளிடம் ஒரு பொய்கூட மிச்சமில்லை.