ஸெய்னுதீன் யோசிக்கக் கூடாது

1

கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்காகக் காத்து நின்றபோது இந்தக் கதை கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “சுடக்குள்ள யோசிச்சா வெடி தவறும். யோசிக்காம சுட்டா ஆள் மாறும்.” அதன்பிறகு அக்கரை சேரும்வரை இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் ஓர் ஆளைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆளின் பெயர் ஸெய்னுதீன். திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சியக் காவலாளி. ஆண்டு 1979.

முதல் தொடக்கம்: “உள்துறைமுகத்தின் மேல் காலை வெயில்—” வேண்டாம். சுடப்போகிறவன் வெயிலைப் பார்க்கமாட்டான்.

இரண்டாம் தொடக்கம்: “ஸெய்னுதீன் எதையும் நினைக்கவில்லை.” சரி. ஆனால் அடுத்த வசனம்? மனதை ஒருமுகப்படுத்தியவனிடம் கதை இல்லை. கதை வேண்டுமென்று நான் அவன் தலைக்குள் ஒரு நினைப்பை எழுதினால், குறி தவறுகிறது. அவனுக்கு.

2

கொழும்பிலிருந்து வந்த மேலதிகாரி காவலாளிகளுக்கு ஒரு புதுமாதிரிப் போட்டியைக் கொண்டுவந்திருந்தார். இடம், மான்கள் மேய்கிற கோட்டை வெளி. நின்ற இடத்தில் நின்று சுடுவதல்ல. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்று, விசில் ஊதியதும் ஓடவேண்டும், எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் குந்தவேண்டும், மரக்கதவைத் தள்ளித் திறந்து கடதாசி மனிதர்களைப் பிஸ்டலால் சுடவேண்டும். மண்ணிறக் கடதாசி கள்ளன். வெள்ளைக் கடதாசி பணயக் கைதி. அவனில் பட்டால் புள்ளி போகும். நான்கு கட்டங்கள். எல்லோரிலும் கடைசியாக வருபவனுக்குக் கொழும்புத் துறைமுகத்துக்கு மாற்றம்.

(ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மேலதிகாரியையும் ஒருவரும் கேட்கவில்லை.)

காலையில் கிண்ணியா வீட்டில் ஸெய்னுதீனின் மனைவி லைலா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “கொழும்புக்குப் போறண்டா நீங்க தனியத்தான் போகணும். அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துவராது.”

“இன்னும் சுடவே இல்லயே புள்ள.”

“அதான் செல்றன். வெடிய மட்டும் யோசிங்க. என்னப் பத்தி யோசியாதீங்க.”

போட்டிக்குப் போகிற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய கெடுதலை யாரும் செய்யமுடியாது. நான் செய்தேன்.

3

முதலாம் கட்டத்தில் அவன் கதவைத் திறந்தபோது, வெள்ளைக் கடதாசிக்கு லைலாவின் தோள் என்று எழுதிவிட்டேன். தோளிலேயே பட்டது.

இரண்டாம் கட்டத்தில், போன புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே ஓடியவன் பீப்பாயையும் தாண்டி ஓடிப்போனான். திரும்பி வந்து குந்தினான். கூட்டம் கைதட்டியது, அது இன்னும் மோசம்.

மூன்றாவதில் அவன் யோசிக்கக் கூடாது என்று யோசித்தான். இதற்கு மேல் அதை விவரித்தால் அவனை வேலையிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

இப்போது கடைசி இடத்துக்கு இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவன் இவன். மற்றவன் சரீப், இவனோடு அதே கேற்றில் காவல் நிற்பவன், நான்கு கட்டமும் சுட்டு முடித்துவிட்டு மதிலோரம் குந்தியிருந்தான். மூதூரில் சரீப்பின் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. மாரி கிட்டவந்துவிட்டது. (இதை நான் எழுதியிருக்கத் தேவையில்லை. சரீப்பை வெறும் எதிராளியாக வைத்துக்கொள்ளத்தான் எண்ணியிருந்தேன்.)

4

[இங்கே ஸெய்னுதீன் நான்காம் கட்டத்தைச் சுட்டான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.]

5

பேனாவை எடுத்தபோது எல்லோரும் எழும்பி நின்றார்கள். ஒவ்வொரு கள்ளனிலும் நடு நெஞ்சில் படுகிற சத்தம் கேட்டதாம். புள்ளி எண்ணவேண்டிய நடுவர் இரத்தினசிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கு முன்னால் கோட்டை மான் ஒன்று கடதாசிகளிடம் போய்விட்டது.

காரணம் பசை. ஒருவன் சுட்ட ஓட்டையைக் கோதுமைமாப் பசையால் கடதாசித்துண்டு ஒட்டி மூடிவிட்டுத்தான் அடுத்தவனை விடுவார்கள். காலையிலிருந்து ஒட்டி ஒட்டிக் கள்ளர்கள் பலகாரம் மாதிரி ஆகியிருந்தார்கள். கடற்படையின் பீரங்கிச் சத்தத்திலேயே வளர்ந்த மானுக்குப் பிஸ்டல் ஒரு பொருட்டல்ல. அது நெஞ்சிலிருந்து தின்னத் தொடங்கியது.

“சேர், எண்ட கடதாசிய மான் திண்டுட்டு,” என்றான் ஸெய்னுதீன்.

“தெரியுது தம்பி. விதிப்புத்தகத்தில மானைப் பற்றி ஒண்டும் இல்லை.”

“அப்ப நான் சுட்டது?”

“அதுக்குள்ளதான் இருக்கு.” நடுவர் மானின் வயிற்றைக் காட்டினார். “என்னால அங்க போய் எண்ண ஏலாது.”

சரீப் பேசாமல் இருந்தால் போதும். எண்ணமுடியாத வெடி பூச்சியம். அவன் கூரை போடலாம். அப்படித்தான் நான் எழுதத் தொடங்கினேன்: “சரீப் முகத்தைத் திருப்பிக்கொண்டு—”

திருப்பவில்லை. எழும்பி ஓடி, மானின் வாயிலிருந்து ஒரு துண்டை இழுத்தெடுத்தான். எச்சில் வடிய அதை நடுவரிடம் நீட்டினான்.

“இந்தா சேர், ரெண்டு ஓட்ட. நடு நெஞ்சு.”

“மற்றது?”

“மற்றதத் தரமாட்டன் எண்டுது.”

ஸெய்னுதீன் அவனைப் பார்த்தான். “உனக்கென்ன விசரா மச்சான்?”

“ஓம். கதைக்காம நில்லு.”

இரத்தினசிங்கம் நெடுநேரம் அந்தத் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ரெண்டு காணாது. புதுக் கடதாசி வையுங்கோ. நாலாங் கட்டத்தைத் திரும்பச் சுடட்டும்.”

6

ஒரு முடிவு: எல்லாம் நடு நெஞ்சில் படுகிறது, சரீப் கொழும்புக்குப் போகிறான், மூதூரில் மழை வீட்டுக்குள் பெய்கிறது. இன்னொரு முடிவு: ஸெய்னுதீன் வேண்டுமென்றே பிழையாகச் சுடுகிறான், லைலா கிண்ணியாவில், அவன்— இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஒருவன் பெட்டி கட்டுகிறான்.

மான் எல்லாத் துப்பாக்கிகளையும் தின்றுவிடுகிற முடிவும் ஒன்று இருந்தது. அது மானுக்கே பிடிக்கவில்லை.

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். ஸெய்னுதீன் கோட்டில் நிற்கிறான். கைகள் தலைக்கு மேல். சரீப் மானின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி மதிலோரம் நிற்கிறான். நடுவரின் வாயில் விசில். என் வேலை முடிந்துவிட்டதால் அவன் தலைக்குள் இப்போது ஒரு சொல்லும் இல்லை; ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி நீங்களே சுடவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: யார் போகக் கூடாதென்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அந்தப் பெயரை மனதுக்குள்ளும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்குக் கேட்கும்.